மருந்து இல்லை, சத்து மாத்திரைதான்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து சபை வாசலில் நாலைந்து பெண்கள் பேசிக்கொண்டு நின்றோம். எஸ்தர் அக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்தார். அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. பக்கத்தில் நின்ற ஒரு அம்மா உடனே கைப்பையைத் திறந்து மாத்திரை அட்டையை எடுத்தார், பாதியைக் கிழித்து அக்கா கையில் வைத்தார். "தினம் ஒண்ணு பாலோட போடுங்கக்கா. பயப்படாதீங்க, மருந்து இல்ல, சத்து மாத்திரதான்."

நான் அந்த அட்டையைப் பிடுங்கிவிட்டேன். அதோடு நிறுத்தவும் இல்லை. யார் எழுதிக் கொடுத்தது, ரத்தப் பரிசோதனை செய்தீர்களா, இதில் வைட்டமின் டி அறுபதாயிரம் யூனிட் என்று போட்டிருக்கிறதே படித்தீர்களா என்று அந்த அம்மாவை நாலு பேர் முன்னால் நிற்க வைத்துக் கேட்டேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று. ரிடையர் ஆகியும் நர்சம்மாவுக்கு அதிகாரம் போகவில்லை என்று பிறகு பேசிக்கொண்டார்களாம். பேசட்டும். எனக்கு நாக்கு கொஞ்சம் நீளம் என்பது ஆவடியில் தெரியாதவர்கள் குறைவு. ஆனால் அன்று எனக்கு வந்தது கோபம் மட்டும் இல்லை, பயமும். அது ஏன் என்பதை வாசலில் நின்று சொன்னால் யாரும் பொறுமையாகக் கேட்க மாட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

நர்சிங் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. படுக்கை விரிப்பைச் சுருக்கம் இல்லாமல் போடவும், பெரியவர்கள் எதிரே வாயை மூடிக்கொண்டு நிற்கவும் கற்றுக்கொடுத்தார்கள். முதலாவது எனக்கு நன்றாக வந்தது. படிப்பை முடித்து அம்பத்தூர்ப் பக்கம் ஒரு நடுத்தர மருத்துவமனையில் சேர்ந்தேன். இடையில் கல்யாணம், இரண்டு பிள்ளைகள், மாமியாரின் நீண்ட படுக்கை எல்லாம் வந்து போயின. வேலை மட்டும் மாறவில்லை. அங்கேயே தலை நரைத்து, அங்கேயே ஓய்வு பெற்றேன்.

நான் சேர்ந்த காலத்தில் வைட்டமின் டி என்ற பேச்சே வார்டில் கிடையாது. வயதானவர்கள் இடுப்பு எலும்பு உடைந்து வருவார்கள். சிலர் குளியலறையில் வழுக்கியிருப்பார்கள், சிலர் கட்டிலிலிருந்து இறங்கும்போது தடுமாறியிருப்பார்கள். எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு மங்கலாகத் தெரியும். வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிடுவோம். அந்த ஒரு வார்த்தைக்குக் கீழே எத்தனை நோயை மூடி வைத்தோம் என்று இப்போது நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது.

வெயிலுக்குப் பஞ்சமே இல்லாத ஊர் இது. சித்திரையில் தொழிற்பேட்டை எஸ்டேட் ரோட்டில் நின்றால் மண்டை பிளக்கும். அப்படிப்பட்ட ஊரில் வெயில் படாததால் ஒரு குறை வருகிறது என்றால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். ஆனால் வயதானவர்களுக்கு அந்த வெயில் எங்கே கிடைக்கிறது? மகனும் மருமகளும் வேலைக்குக் கிளம்பும்போது கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். மொட்டை மாடிக்கு ஏற முழங்கால் விடாது. தெருவில் இறங்கினால் லாரி. அப்படியே வெயிலில் போய் உட்கார்ந்தாலும் வயதான தோல் அந்த வைட்டமினை முன்போல் தயாரிப்பதில்லை.

வேப்பம்பட்டிலிருந்து ஒரு டீச்சரம்மா வருவார். ஓய்வு பெற்றவர். இரண்டு பக்கமும் ஆடி ஆடித்தான் நடப்பார். தரையில் உட்கார்ந்தால் யாராவது தூக்கிவிட வேண்டும். வாதம் என்று ஊரெல்லாம் எண்ணெய் தடவிப் பார்த்துவிட்டார்கள். அம்மா வேலை செய்ய அலுத்துக்கொண்டு நடிக்கிறார் என்றுகூட வீட்டில் பேச்சு வந்துவிட்டது. எங்கள் பெரிய டாக்டர் ரத்தத்தைப் பரிசோதித்து, வைட்டமின் டி அடிமட்டத்தில் இருப்பதைக் கண்டுபிடித்தார். வாரத்துக்கு ஒரு கேப்ஸ்யூல், கூடவே கால்சியம். இரண்டு மாதம் கழித்து அந்த அம்மா தன் கைப்பையைத் தானே தூக்கிக்கொண்டு ரயிலேறி வந்தார். எனவே நான் மருந்தைக் குறை சொல்லவில்லை. தேவைப்பட்டவருக்கு, தேவையான அளவில், அது கண்கூடாக வேலை செய்வதைப் பார்த்தவள் நான்.

பெரிய டாக்டர் என்று சொன்னேனே, அவர் பெயர் வத்சலா. குரலை உயர்த்த மாட்டார். திட்ட வேண்டுமென்றால் இன்னும் மெதுவாகப் பேசுவார், அதற்குத்தான் நாங்கள் நடுங்குவோம். நோயாளியிடம் வந்ததும் முதலில் நாக்கை நீட்டச் சொல்வார். பிறகு முன்கைத் தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கி, அது திரும்ப எவ்வளவு மெதுவாகப் படிகிறது என்று பார்ப்பார். அதற்கப்புறம்தான் ரிப்போர்ட்டைக் கையில் வாங்குவார்.

அவரிடம் இரண்டு கறாரான வழக்கங்கள் உண்டு. வயதானவர் யார் அட்மிட் ஆனாலும் வீட்டில் இருக்கிற மருந்து அத்தனையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவர வேண்டும். பையை ஸ்டீல் ட்ரேயில் கொட்டச் சொல்வார். ஒவ்வொரு அட்டையாக எடுத்து, எதற்குச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பார். ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் வந்திருக்கும், பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தது இருக்கும், செத்துப்போன கணவரின் மருந்தை வீணாக்கக் கூடாதென்று சாப்பிடுகிறவர்களும் உண்டு. வேண்டாததைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுத்தான் அடுத்த கட்டிலுக்குப் போவார்.

இன்னொன்று, வாரத்துக்கு ஒரு தடவை சாப்பிட வேண்டிய மருந்தை எழுதினால் கிழமையைச் சொல்லாமல் விடமாட்டார். "எந்தக் கிழமை?" என்று நோயாளியையே கேட்பார். வெள்ளிக்கிழமை விளக்கேற்றியதும் என்பார்கள், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வந்து என்பார்கள். அதை எங்களையும் திருப்பிச் சொல்லச் சொல்வார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி நடத்துகிறாரே என்று எனக்கு ஆரம்பத்தில் கடுப்பாக இருந்தது.

தணிகாசலம் வந்தது நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன்னால். மேனாம்பேட்டுக்காரர். எஸ்டேட்டில் வார்ப்படத் தொழிற்சாலையில் காலமெல்லாம் வேலை பார்த்தவர், நல்ல உயரம். அவரை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தபோது தோல் மூடிய எலும்பாகக் கிடந்தார். வாய் காய்ந்து உதடு வெடித்திருந்தது. வாந்தி, மலச்சிக்கல், ஓயாத தாகம். யாரைப் பார்த்தாலும் தொழிற்சாலை ஆள் என்று நினைத்து, உலையை மூடச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கூட வந்தது மகன் ரவி, மருமகள் மஞ்சுளா. ரவி கம்பெனி வேன் ஓட்டுகிறவன், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வான். மஞ்சுளா நூம்பல் பக்கம். வயல் வேலை செய்து வளர்ந்த கை என்பது அவள் மாமனாரைப் புரட்டிப் படுக்கவைக்கிற விதத்திலேயே தெரிந்தது. துணி மாற்ற ஆயாவைக் கூப்பிட விடமாட்டாள். "நானே பாத்துக்கறேன் சிஸ்டர், அவுருக்கு வேற ஆளு தொட்டா கூச்சம்" என்பாள்.

மறுநாள் மகள் கோமதி ஆவடியிலிருந்து வந்தாள். ரவிக்கு அக்கா. அப்பாவைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அழுகை அடங்கியதும் மஞ்சுளா பக்கம் திரும்பினாள்.

"இன்னாடி பண்ணி வெச்சிகீற எங்க நைனாவ? சோறு போட்டியா இல்லியா?"

"தின்னமாட்டேன்றாரு அண்ணி. எது குடுத்தாலும் கக்கிடறாரு."

"எங்க ஊட்ல இருந்தப்ப நல்லாத்தான தின்னாரு? ஒன் கையில குடுத்தோம் பாரு, எங்கள சொல்லணும்."

வார்டு முழுக்கக் கேட்டது. ரவி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம் என்று எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் உண்டு. அன்றிலிருந்து வருகிற போகிற சொந்தக்காரர்கள் எல்லாரும் மஞ்சுளாவை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். அவள் மாமனாரைப் பட்டினி போட்டவள் என்பது தீர்மானமாகிவிட்டது. மாமனார் பிழைத்து எழுந்து உட்கார்ந்து, இவள் எனக்குச் சோறு போட்டாள் என்று சொன்னால்தான் அவளுக்கு விடிவு.

ரத்தப் பரிசோதனையில் கால்சியம் ஏகத்துக்கு ஏறியிருந்தது. கிட்னி பாதிக்கு மேல் படுத்துவிட்டது. வழக்கம்போல மருந்துப் பை வந்தது. நானே ட்ரேயில் கொட்டினேன். பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை, ஒரு தைல பாட்டில். "வேற மருந்து ஏதாவது சாப்பிடறாரா?" என்று டாக்டர் கேட்டார். "இல்ல டாக்டர், இவ்ளோதான்" என்றாள் மஞ்சுளா. நானும் தனியாகக் கேட்டேன். அதே பதில்தான்.

வயதானவருக்குக் காரணம் தெரியாமல் கால்சியம் ஏறினால் முதலில் தேட வேண்டியது புற்றுநோய். தேடினார்கள். ஸ்கேன் எடுத்தார்கள், இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்தார்கள். அந்த ஊசிக்கு அவர் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். மஞ்சுளாதான் அவர் தலையை மடியில் பிடித்துக்கொண்டிருந்தாள். எதிலும் ஒன்றும் கிடைக்கவில்லை. சலைன் ஏற்ற ஏற்றக் கால்சியம் கொஞ்சம் இறங்குவதும், திரும்ப ஏறுவதுமாக இருந்தது.

ஒருநாள் மதியம் டாக்டர் ரவுண்ட்ஸ் நேரம் இல்லாத நேரத்தில் வந்தார். நான் டிரிப் மாற்றிக்கொண்டிருந்தேன். கோமதியும் இருந்தாள். டாக்டர் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தார்.

"மருந்தப் பத்திக் கேக்கலம்மா. காலைல கண்ணு முழிச்சதுலேருந்து படுக்கற வரைக்கும் மாமா வாய்க்குள்ள என்னென்ன போகுது? தண்ணியக்கூட விடாம சொல்லுங்க."

மஞ்சுளா விரல் விட்டுச் சொன்னாள். "ஏந்திரிச்சதும் வெந்நி. அப்பால சக்கர இல்லாத காப்பி. கேவுரு கஞ்சி கொஞ்சம். அப்பால பாலு, சத்து மாத்திர. மத்தியானம் கொழைய வடிச்ச சோறு..."

"இருங்க. பாலோட என்ன சொன்னீங்க?"

"சத்து மாத்திர."

"நான் எல்லா மாத்திரையும் கொண்டுவரச் சொன்னேனே."

"நீங்க மருந்துதான கேட்டீங்க டாக்டர்? இது மருந்து இல்ல. சத்து, எலும்புக்கு. இங்கதான் கீது."

அவள் கட்டிலுக்கு அடியிலிருந்து சாப்பாட்டுக் கூடையை இழுத்தாள். ஃபிளாஸ்குக்குப் பக்கத்தில், வாழைப்பழத்தோடு, அந்த அட்டை இருந்தது. மருந்துப் பையில் இல்லை, சாப்பாட்டுக் கூடையில் இருந்தது. அவள் பொய் சொல்லவில்லை. எங்கள் கேள்விக்கு அவளிடம் இருந்த நேர்மையான பதிலைத்தான் சொல்லியிருக்கிறாள்.

டாக்டர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். வைட்டமின் டி, அறுபதாயிரம் யூனிட். குரல் மெதுவானது. "எப்போலேருந்து குடுக்கறீங்க?"

"பாத்ரூம்ல வழுக்கி வுழுந்தாரே, அப்ப பக்கத்துல ஒரு எலும்பு டாக்டராண்ட காட்டனோம். எலும்புல சத்தே இல்ல, வாரத்துக்கு ஒண்ணு குடுன்னாரு. நாலே வாரத்துல கால் வலி போயிடுச்சி, கட வரைக்கும் நடந்தாரு. அப்பால மெடிக்கல்லயே கேட்டு வாங்கினு வருவேன். வருசம் ஆவப்போவுது."

"இப்பவும் வாரத்துக்கு ஒண்ணா?"

"இல்ல டாக்டர், தெனமும். ஒரு நாள்கூட மறக்கல." அதைச் சொல்லும்போது அவள் முகம் நிமிர்ந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு அவளைப் பாராட்டக்கூடிய ஒரு விஷயம் அன்றுதான் வெளியே வருகிறது என்று நினைத்திருக்கிறாள். "இன்னிக்குக்கூட கக்கிட்டாரு. வெறும் வயித்துல வீக்கா கீறாரேன்னு இன்னொண்ணு குடுத்தேன்."

நான் அந்த இடத்தைவிட்டு ஓடிவிடலாமா என்று நினைத்தேன். அவர் சாப்பிடாமல் இளைத்ததே அந்த மாத்திரையால். இளைத்ததைப் பார்த்து அவள் மாத்திரையை விடாமல் கொடுத்திருக்கிறாள். எங்கள் வார்டில், எங்கள் கண்ணெதிரே, நாங்கள் டிரிப்பில் இறக்கிக்கொண்டிருந்த கால்சியத்தை அவள் பாலில் ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"தினமும் குடுக்கச் சொன்னது யாரு?" என்றார் டாக்டர்.

மஞ்சுளா ஒரு கணம் கோமதியைப் பார்த்தாள். கோமதி சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள். "நானாத்தான் குடுத்தேன்" என்றாள் மஞ்சுளா.

அன்று மாலை டாக்டர் மூவரையும் அறைக்குக் கூப்பிட்டுச் சொன்னார். வைட்டமின் டி அளவுக்கு மேல் போனால் ரத்தத்தில் கால்சியத்தை ஏற்றிவிடும், கிட்னி தாங்காது, மூளை குழம்பும். இனி நிறுத்திவிட்டால் சரியாகிவிடுமா என்று ரவி கேட்டான். "நிறுத்தினாலும் உடம்புக் கொழுப்புல சேர்ந்து கெடக்கு தம்பி. அது கரைய மாசக்கணக்காகும். கால்சியத்த எறக்கப் பாக்கறோம். கிட்னி திரும்புமான்னு என்னால சொல்ல முடியல."

அறையை விட்டு வெளியே வந்ததும் கோமதி வராந்தாவிலேயே ஆரம்பித்தாள். சோறு போடாமல் காயப்போட்டாள் என்று இருந்தது, மாத்திரை கொடுத்துக் கொன்றாள் என்று மாறியது. முதல் பழியிலிருந்து மஞ்சுளா தப்பியது இரண்டாவது பழிக்குத்தான். இந்தத் தடவை அவளிடம் மறுப்பதற்கும் ஒன்றும் இல்லை.

கைகழுவும் இடத்தில் அவள் ஃபிளாஸ்கைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் ஆறுதலாக ஏதோ சொல்லப்போனேன்.

"சத்துன்னுதானே சிஸ்டர் எல்லாரும் சொன்னாங்க. சத்துல எப்பிடி சிஸ்டர் வெசம் இருக்கும்?"

டாக்டர் அதன் பிறகு எங்கள் வார்டில் அந்தச் சொல்லையே தடை செய்தார். நர்சுகள் யாரும் சத்து மாத்திரை, சத்து ஊசி என்று சொல்லக் கூடாது. பெயரைச் சொல்லு, அளவைச் சொல்லு, கிழமையைச் சொல்லு. மறந்து போய்ச் சொன்னவர்களை அவர் ஒன்றும் திட்டமாட்டார், நின்று பார்ப்பார். அது போதும்.

ஊசி போட்டும், ஸ்டீராய்டு கொடுத்தும், டயாலிசிஸ் செய்தும் கால்சியம் ஒருவழியாக இறங்கியது. தணிகாசலத்துக்கு மனம் தெளிந்தது. ஆட்களை அடையாளம் கண்டுகொண்டார். உலையைப் பற்றிய பேச்சு நின்றது. ஆனால் கிட்னி திரும்பவில்லை, நுரையீரலில் சளி கட்டிக்கொண்டது. மனம் தெளிந்த பிறகு உடம்பு போவதைப் பார்ப்பதுதான் எங்கள் வேலையில் ஆகக் கொடுமையானது.

அவர் இறந்தது ஒரு வியாழக்கிழமை காலை. அதற்கு முந்தின நாள் பார்வையாளர் நேரத்தில் நடந்ததைச் சொல்லிவிட்டு முடித்துக்கொள்கிறேன்.

கோமதி வந்திருந்தாள். ரவி கால்மாட்டில் நின்றான். மஞ்சுளா எட்டியே நின்றுகொண்டிருந்தாள், கோமதி வந்தால் அவள் கட்டிலுக்கு அருகே வருவதில்லை. நான் பிரஷர் பார்க்கக் கையில் பட்டை சுற்றிக்கொண்டிருந்தேன். பெரியவர் இன்னொரு கையால் மகளின் விரலைப் பிடித்துக்கொண்டார்.

"கோமு, இவ இப்பல்லாம் சத்து மாத்திர குடுக்கறதே இல்ல. கேட்டா அப்பால அப்பாலன்றா."

கோமதி பழக்கத்தில் மஞ்சுளா பக்கம் சடக்கென்று திரும்பினாள். வாயும் திறந்துவிட்டது.

"நீ சொல்லும்மா அவளாண்ட. நீ சொன்னா கேப்பா. மொதல்ல வாரத்துக்கு ஒண்ணுதான் குடுத்துனு இருந்தா. சத்து மாத்திரைல போயி இன்னாடி கஞ்சத்தனம், தெனமும் குடுன்னு நீதான சத்தம் போட்ட? அதுக்கப்புறம்தான ஒழுங்கா குடுத்தா." மகள் செய்த நல்லதை அவர் மறக்கவில்லை. நன்றியோடுதான் சொன்னார்.

ரவி அக்காவை நிமிர்ந்து பார்த்தான். இத்தனை நாளில் அவன் யாரையும் அப்படிப் பார்த்து நான் பார்க்கவில்லை. கோமதி அப்பாவின் கையை விடவும் முடியாமல், பிடித்துக்கொள்ளவும் முடியாமல் உட்கார்ந்திருந்தாள்.

மஞ்சுளாதான் முன்னால் வந்தாள். டாக்டர் அனுமதித்திருந்த கொஞ்சம் பாலை டம்ளரில் ஊற்றி, ஸ்பூனில் எடுத்து அவர் வாயருகே கொண்டுபோனாள். அவர் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார். பிறகு மாத்திரை எங்கே என்று நாக்கால் துழாவினார்.

"இல்லியேம்மா" என்றார்.

"நாளைக்குத் தரேன் மாமா."